உயரமும் இடமும்: கோடைக்கானல் பண்பலை வானொலியின் நிகழ்ச்சி வடிவம் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கோடைக்கானலிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் அகில இந்திய வானொலியின் பண்பலை நிலையம், தென் தமிழகத்தில் பரவலாக அறியப்பட்ட நிலையங்களுள் ஒன்று. மலையின் பெயரைத் தாங்கிய இந்நிலையத்தில் மலையின் இசைக்குரிய இடம் யாது என்பதை இக்கட்டுரை வினவுகிறது. திணைக் கோட்பாடு, அமெரிக்கக் ‘கண்ட்ரி’ இசை வானொலியின் வரலாறு, இந்திய வானொலியின் இசைக்கொள்கை ஆகியவற்றை ஒப்புநோக்கி, நாட்டுப்புற இசைக்கென ஒரு முழுநேர வடிவத்தைக் கோருவது மட்டும் மலைமக்களின் குரலை மீட்டுத்தராது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: பண்பலை, நிகழ்ச்சி வடிவம், திணை, நாட்டுப்புற இசை, பழனிமலை, சமுதாய வானொலி

முன்னுரை

ஒரு வானொலி நிலையம் தன் நேரம் முழுவதையும் ஒருவகை இசைக்கோ ஒருவகை நேயர்க்கோ ஒதுக்கிக்கொள்ளும் முறை ‘வடிவம்’ எனப்படும். அமெரிக்காவின் சிற்றூர் நிலையமொன்று ஒரே நாளில் பிற இசையைக் கைவிட்டுக் ‘கண்ட்ரி’ இசைக்கு மாறுவது அந்நாட்டு வானொலியில் வழக்கமான நிகழ்வு. தமிழகத்தில் வடிவமாற்றம் இவ்வாறு அறிவிப்போடு நிகழ்வது அரிது. செய்தி, வேளாண்மை, நாடகம், உரை, மரபிசை, கிராமிய இசை எனக் கலந்துவந்த அகில இந்திய வானொலியின் பழைய நிகழ்ச்சிமுறைக்கு அருகிலேயே, மக்கள் விரும்பும் பாடல்களையும் அறிவிப்பாளரின் உரையாடலையும் முதன்மைப்படுத்தும் பண்பலை முறை வளர்ந்தது. அகில இந்திய வானொலியின் ‘ரெயின்போ’ வரிசையில் இடம்பெற்றுள்ள கோடைக்கானல் நிலையம் இம்முறையைச் சார்ந்தது. இதன் ஒலிபரப்பில் திரையிசையே பெரும்பகுதி. இம்முறை எதனை முன்னிறுத்துகிறது, எதனை விட்டுவிடுகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

திணையும் வடிவமும்

நிலத்தையும் இசையையும் இணைத்து எண்ணும் மரபு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறையும் குறிஞ்சியாழும் உரியன என்பர் இலக்கண நூலாரும் உரையாசிரியரும். தேனெடுத்தலும் தினைப்புனம் காத்தலும் அந்நிலத்தின் தொழில்களாக அதே வரிசையில் வருகின்றன. இவ்வமைப்பில் இசை தனித்து நிற்பதில்லை. உணவோடும் உழைப்போடும் வழிபாட்டோடும் பிணைந்தே நிலத்துக்குரியதாகிறது.

வானொலியின் ‘வடிவம்’ இசையை இப்பிணைப்பிலிருந்து பிரித்தெடுக்கிறது. திணை ‘இப்பாடல் எந்நிலத்தில், எத்தொழிலின்போது எழுகிறது’ என்று கேட்கிறது. வடிவமோ ‘இப்பாடலை எவர் கேட்பர்’ என்று கேட்கிறது. முன்னதில் பாடுவோரின் வாழ்க்கை அளவுகோலாகிறது. பின்னதில் கேட்போரின் எண்ணிக்கை அளவுகோலாகிறது.

மலையிசை வடிவமான வரலாறு

இவ்வேறுபாட்டின் விளைவை அமெரிக்க வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் அப்பலாச்சிய மலைப்பகுதி உள்ளிட்ட தென்மாநில வெள்ளையரின் பாடல்களை ‘ஹில்பில்லி’ என்ற பெயரில் விற்றன. மலைவாழ் மக்களை இகழும் சொல் அது. கறுப்பினத்தவரின் இசைக்கு வேறொரு பட்டியல் வகுக்கப்பட்டது. ஒரே ஊரில் ஒருவரிடமிருந்து ஒருவர் பாட்டும் கருவியும் கற்றுக்கொண்டவர்கள் விற்பனைப் பட்டியலில் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். ‘கண்ட்ரி’ இசையின் அடையாளமாகிவிட்ட பாஞ்சோ ஆப்பிரிக்க வழிவந்த கருவி என்பது மறக்கப்பட்டது.

நாஷ்வில் நகரில் ஒரு காப்பீட்டு நிறுவனம் நடத்திய நிலையம் 1925-இல் தொடங்கிய நிகழ்ச்சியே பின்னர்க் ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ எனப் புகழ்பெற்றது. அந்நிலையத்தின் ஆற்றல் 1932-இல் 50,000 வாட்டாக உயர்ந்தபின், மலைக்கிராமத்துப் பாட்டு பல மாநிலங்களுக்குப் பரவியது. அதன் தொடக்ககால விண்மீன்களுள் ஒருவராகிய கறுப்பின ஆர்மோனிகாக் கலைஞர் டிஃபோர்ட் பெய்லி 1941-இல் விலக்கப்பட்டார். 1949-இல் ‘பில்போர்டு’ இதழ் தன் தரவரிசைக்குக் ‘கண்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’ என்று பெயரிட்டது. 1950களின் இறுதியில் நகர நேயரை ஈர்க்கும் பொருட்டு, ஃபிடிலின் ஓசை பின்தள்ளப்பட்டுக் குழுப்பாடலும் வயலின் தொகுதியும் சேர்க்கப்பட்டன. 1960களின் தொடக்கத்தில் நூற்றுக்கும் குறைவாக இருந்த முழுநேரக் ‘கண்ட்ரி’ நிலையங்கள் 1970களின் நடுவில் ஆயிரத்தைக் கடந்தன. பாட்டு பரவப் பரவ, அது பிறந்த மலையும் அதைப் பாடிய மக்களுட் பலரும் அதிலிருந்து நீங்கினர் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

உயரம் என்னும் காரணம்

கோடைக்கானல் நிலையத்தின் இருப்பிடத்தையும் இப்பின்னணியில் நோக்கவேண்டும். பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. ஆதலின் ஒலிபரப்பியின் உயரமே எல்லையைத் தீர்மானிக்கிறது. சமவெளியினும் 1,800 மீட்டர் உயர்ந்த ஓரிடத்திலிருந்து பார்த்தால், காற்றுமண்டலத்தில் அலை வளைவதையும் சேர்த்துத் தொடுவானம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவில் அமைகிறது. 10 கிலோவாட் ஆற்றலுடன் இவ்வுயரமும் சேர்வதால் திண்டுக்கல், மதுரை, தேனி முதலிய மாவட்டங்களும் அவற்றுக்கு அப்பாலுள்ள சமவெளியும் இந்நிலையத்தின் எல்லைக்குள் வருகின்றன. 1899-இல் கோடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டபோதும் உயரமும் தெளிந்த வானமுமே மலையின் தகுதிகளாகக் கருதப்பட்டன.

இதில் ஒரு முரண் உள்ளது. நேர்க்கோட்டில் செல்லும் அலை தொலைவிலுள்ள சமவெளியை எளிதில் அடையும். அருகிலுள்ள மடிப்பிலும் பள்ளத்தாக்கிலும் மலையே அதற்கு மறைப்பாகும். கோடைக்கானலை அடுத்த பள்ளங்கி போன்ற சரிவுநில ஊர்களின் நிலை இதனை எண்ணிப்பார்க்கச் செய்கிறது. அவ்வூர்களின் தலைக்கு மேலிருந்து புறப்படும் ஒலி, நிகழ்ச்சி நோக்கிலும் அவர்களைக் கடந்தே செல்கிறது. படிநிலங்களில் காய்கறியும் மலைப்பூண்டும் விளைவிக்கும் உழவர்க்குரிய செய்தியும், பளியர், குன்னுவர் முதலிய மக்களின் பாட்டும் சமவெளியின் பெருந்தொகை நேயருக்காக வகுக்கப்பட்ட ஒலிபரப்பில் மையம் பெற வழியில்லை. நிலையத்தின் பெயர் மலையினுடையது. அதன் வடிவம் சமவெளியினுடையது.

திரையிசை என்னும் மறுப்பு

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பொன்று உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1976-இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’ வாயிலாக அப்பகுதியின் நாட்டுப்புற மெட்டுகளைத் திரையிசைக்குள் கொண்டுவந்தார். எனவே கோடைக்கானல் பண்பலையில் ஒலிக்கும் திரைப்பாடலில் இவ்வட்டாரத்தின் இசையும் கலந்தே உள்ளது. வயலிலும் தறிக்கூடத்திலும் தேநீர்க்கடையிலும் அதனைக் கேட்போர் அதனை அயலாகக் கருதுவதில்லை. வானொலியில் நாட்டுப்புறப் பாடல்களைப் பாடிவந்த கொல்லங்குடி கருப்பாயி ‘ஆண்பாவம்’ (1985) படத்தில் தோன்றியதும் இவ்விரு உலகங்களுக்கும் இடையே தடித்த சுவர் இல்லை என்பதையே காட்டுகிறது.

இம்மறுப்பு ஏற்கத்தக்கதே, எனினும் அது பாதி விடையே. திரையிசை மெட்டை எடுத்துக்கொள்கிறது; மெட்டு வழங்கிய சூழலை எடுத்துக்கொள்வதில்லை. நடவுப்பாட்டு திரையில் காதற்பாட்டாகலாம், தாலாட்டு கதைத்திருப்பமாகலாம். அது கலையின் உரிமை. ஆனால் நடவு நடுபவரும் தாலாட்டுபவரும் தம் பெயரோடும் ஊரோடும் ஒலிவாங்கியின் முன் அமரும் வாய்ப்பைத் திரையிசை ஈடுசெய்யாது.

ஆணையால் மாறாத செவி

அவ்வாறாயின் திரையிசையை நீக்கிவிட்டு நாட்டுப்புற இசையை நிரப்பலாமா? இந்திய வானொலி இத்தகைய சோதனையை முன்பே செய்துபார்த்தது. 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர், செவ்வியல் இசையை வளர்க்கும் நோக்கில் திரையிசையின் நேரத்தைக் கடுமையாகக் குறைத்தார். நேயர்கள் வானொலியின் முள்ளை இலங்கை வானொலியின் வர்த்தக சேவைக்குத் திருப்பினர். 1957 அக்டோபர் 3 அன்று ‘விவித பாரதி’ தொடங்கப்பட்டது அவ்விழப்பை ஈடுகட்டவே. மேலிருந்து சுவையைத் திணிக்கும் வடிவமாற்றம், எவ்வளவு நன்னோக்குடையதாயினும், நேயரை இழக்கும்.

அதே நிறுவனம் ஊரோடு பேசியபோது பெற்ற பயனும் பதிவாகியுள்ளது. 1960களில் திருச்சிராப்பள்ளி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பைக் கேட்டுத் தஞ்சை உழவர்கள் ஏற்றுப் பயிரிட்ட ஆடுதுறை 27 நெல், ‘ரேடியோ நெல்’ என்றே வழங்கப்பட்டது. நேயரைச் சுவைஞராக மட்டும் எண்ணாமல், ஒரு நிலத்தில் உழைப்பவராகவும் எண்ணியதன் விளைவு அது. திணைக் கோட்பாட்டில் தொழிலும் யாழும் ஒரே வரிசையில் நிற்பதன் பொருள் இங்கு விளங்குகிறது.

சிற்றலையின் தேவை

2006-ஆம் ஆண்டின் சமுதாய வானொலிக் கொள்கை, கல்வி நிறுவனங்களோடு தொண்டு அமைப்புகளுக்கும் ஒலிபரப்பு உரிமம் பெற வழிவகுத்தது. பொதுவாக 100 வாட் ஆற்றலும் 30 மீட்டர் கோபுரமுமே இதற்கு வரம்பு. சமவெளி நோக்கில் இது குறை. மலை நோக்கில், ஒரு பள்ளத்தாக்கின் எல்லையும் சிற்றலையின் எல்லையும் ஏறக்குறைய ஒன்றே. பேரலைக்கு மறைப்பாகும் மலைச்சரிவு சிற்றலைக்கு வேலியாகிறது. கோடைக்கானல் நிலையம் தன் திரையிசையை விடவேண்டியதில்லை. நாள்தோறும் ஒரு குறித்த நேரத்தை மலைக்கு ஒதுக்கி, அந்நேரத்தின் தேர்வையும் அறிவிப்பையும் மலைமக்களிடமே ஒப்படைத்தாலும் போதும்.

ஒப்படைப்பு என்பதே இதில் முதன்மை. பளியரின் பாட்டை வெளியிலிருந்து வருவோர் பதிவுசெய்து, மூன்று நிமிடமாக வெட்டி, ‘மலையிசை’ எனப் பெயரிட்டு ஒலிபரப்பினால் ‘ஹில்பில்லி’ பட்டியலின் கதையே தமிழில் மறுபடி நிகழும். எப்பாட்டு ஊரறியப் பாடத்தக்கது, எது சடங்குக்கு மட்டும் உரியது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பாடுவோருக்கே உண்டு. ஒலிபரப்பாமல் இருப்பதற்கான உரிமையும் அதில் அடங்கும்.

முடிவுரை

கோடைக்கானல் பண்பலையின் பரந்த எல்லை மலை தந்தது. அதற்கு ஈடாக மலை பெற்றது, சமவெளியெங்கும் ஒலிக்கும் தன் பெயர் மட்டுமே. இக்குறையை ஒரு வடிவத்தை நீக்கி மற்றொரு வடிவத்தை அமர்த்துவதால் தீர்க்க இயலாது என்பதை அமெரிக்க வரலாறும் கேஸ்கர் காலமும் இருவேறு திசைகளிலிருந்து உணர்த்துகின்றன. நாட்டுப்புற இசையை வானொலி எவ்வளவு நேரம் ஒலிபரப்புகிறது என்று கணக்கிடும் ஆய்வுகள், அந்நேரத்தை யார் வகுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும். பள்ளங்கியின் உழவரும் பளியரும் அவ்வகுப்போருள் இடம்பெறும் நாளில்தான் குறிஞ்சி அந்த அலைவரிசையின் திணையாகும்.