நீக்கம் என்னுஞ் சொற்பொருள்

நீக்குதல் என்பது எல்லாரும் நாள்தோறும் வழங்கும் வினைச்சொல். முற்றத்துக் குப்பையை நீக்கலும், ஏட்டிற் பிழையை நீக்கலும் இவ்வொரு சொல்லானே கூறப்படும். எளிய சொல்லென்று கருதி அதன் பொருளை ஆராயாது விடுத்தலின், மலநீக்கம் என்னுஞ் சாத்திர வழக்கிற்கு மலத்தின் அழிவு எனச் சிலர் பொருள் கூறுவர். அது சொல்லிலக்கணத்திற்கும் சித்தாந்தத்திற்கும் பொருந்தாது.

நீத்தல், நீங்குதல், நீக்குதல் என்பன ஓரினச் சொற்கள். விடுதலும் பிரிதலும் அவற்றிற்குப் பொதுப்பொருள். நீங்கு என்னுந் தன்வினை மெல்லொற்று வல்லொற்றாய்த் திரிய நீக்கு எனப் பிறவினையாம். அடங்கு என்பது அடக்கு எனவும், ஒடுங்கு என்பது ஒடுக்கு எனவும் வருதல் காண்க. மலையாளத்தில் இவ்வினை இடம்பெயர்த்தற் பொருளில் இன்றும் வழங்குகின்றது. களைதல் வேரொடு பறித்தலையும், அழித்தல் உருக்கெடுத்தலையும் உணர்த்த, நீக்குதலோ ஒன்றினை மற்றொன்றினின்றும் பிரித்தலையே உணர்த்தும்.

பவணந்தி முனிவர் நன்னூலில் ஐந்தாம் வேற்றுமைப் பொருள்களுள் நீங்கலை முதற்கண் வைத்தார். அருவி மலையினின்றும் நீங்கி வீழுங்கால் மலையும் அழிவதில்லை, அருவியும் அழிவதில்லை. மெய்கண்டாரும் சிவஞானபோதம் இரண்டாஞ் சூத்திரத்து, இறைவன் தன் ஆணையாகிய சத்தியிற் பிரிவின்றி நிற்றலைக் கூறுமிடத்து நீக்கம் என்னுஞ் சொல்லையே எடுத்து மறுத்தார். ஆண்டு அச்சொற்குப் பிரிவு என்பதன்றி அழிவு எனப் பொருள் கொள்வார் இலர்.

இனி, ஆணவமலம் அநாதி, உள்பொருள். உள்ளதற்கு அழிவில்லை என்பது சைவர் துணிபு. அன்றியும், அம்மலம் ஒன்றாய், உயிர்தோறும் மறைத்து நிற்கும் பல சத்திகளை உடையது என அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிற் கூறினார். ஓருயிர் வீடுபெறுங்கால் மலமே அழியுமாயின், ஏனை உயிர்களும் அப்பொழுதே முயற்சியின்றி வீடுபெறல் வேண்டும். அது காட்சிக்கு முரணாம்.

அற்றேல், மலம் அழியாதாயின் வீடுபேறு யாங்ஙனம் கூடும் எனின், அவ்வுயிரைப் பற்றிய மலசத்தி அருளால் அடங்குதலாற் கூடும் என்க. ஞாயிற்றின்முன் கண்ணை மறைக்கும் வலியின்றி இருள் அடங்குமாறு போல்வது அது.

இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. பன்னிரண்டாஞ் சூத்திரம் சீவன்முத்தர்க்கும் மலங்கழுவுதலையும், அடியாரோடு கூடுதலையும், அவர் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுதலையும் விதித்தது. மலம் அழிந்தொழிந்தது என்பார்க்கு, மலவாசனை தாக்காமைப்பொருட்டு எழுந்த இவ்விதி வேண்டாததாய் முடியும். நீக்கத்தின் பொருளை நேரே உணர்ந்தார்க்கோ அவ்வழிபாடு ஒருநாளும் ஒழியாதென்பது தெளிவாம்.