குடிவழி வரைபடமும் வெற்றுக் கட்டங்களும்: மலேசியத் தமிழரின் குடும்ப வரலாற்று எழுத்து குறித்து

மலேசியத் தமிழரிடையே குடும்ப வரலாற்றை எழுதும் ஆர்வம் பெருகி வருகிறது. மறைந்த பெரியவருக்கு வெளியிடப்படும் நினைவு மலர், மணிவிழா மலர், குடும்ப ஒன்றுகூடலுக்கென அச்சிடப்படும் சிறுநூல், மாணவர் எழுதும் ஒப்படைப்பு எனப் பல வடிவங்களில் இவ்வெழுத்து நம் மேசைக்கு வந்து சேர்கிறது. இவற்றை நாம் இதுவரை உணர்வோடு வாசித்து வந்தோமே அன்றித் தனியோர் எழுத்து வகையாகக் கொண்டு திறனாய்ந்தோமில்லை. தாத்தாவைப் பற்றிப் பேரன் எழுதியதில் குறை காண்பது முறையன்று என்னும் தயக்கமே இதற்குக் காரணமாகலாம். அத்தயக்கத்தைச் சற்றே ஒதுக்கி வைத்து, இவ்வெழுத்து எவ்வாறு உருவாகிறது, எங்கே தடம் புரள்கிறது என்பதை நோக்க இக்கட்டுரை முற்படுகிறது.

முதலில் ஒரு பொதுக்கூறு. நாம் வாசித்தவற்றுள் கணிசமானவை கடாரத்தில் தொடங்குகின்றன. 1025-ஆம் ஆண்டு இராசேந்திர சோழன் கடல் கடந்து படையெடுத்தான் என்பது முதற்பத்தி. அடுத்த பத்தியில் தாத்தா கப்பலேறுகிறார். இடைப்பட்ட ஒன்பது நூற்றாண்டுகள் ஒரு முற்றுப்புள்ளியில் கடக்கப்படுகின்றன. பால்மரம் சீவ வந்த ஒருவருக்கும் சோழப் படைக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினாவை எழுதியவரும் கேட்பதில்லை. மதிப்பெண் இடும் நாமும் கேட்பதில்லை.

இவ்வழக்கம் வெறும் பெருமித உணர்வால் மட்டும் வந்ததன்று. குடிவழி கூறும் மரபு தமிழில் பழமையானது. ஆயினும் அது மேலோர்க்கு உரியதாகவே இருந்து வந்தது. ஆனைமங்கலச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி சோழர் குலத்தைக் கதிரவனிலிருந்து தொடங்கி வரிசைப்படுத்துகிறது. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஊரொன்றின் வருவாயை அளித்ததைப் பதிவு செய்யும் ஆவணம் அது. பிற்காலத்தில் பாளையக்காரர்களும் தத்தம் வம்சாவளிகளை எழுதுவித்தனர். 1821-இல் மறைந்த காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் அத்தகைய வம்சாவளிகள் பல உள்ளன. உரிமையை நிலைநாட்டுவதே அவற்றின் தலையாய நோக்கம். ஆகவே அவை தெய்வத்தில் அல்லது பேரரசில் தொடங்குவதில் வியப்பில்லை. உழுதவனுக்கும் கூலிக்காரனுக்கும் வம்சாவளி எழுதுவார் இலர். அவனுடைய கொள்ளுப்பேரன் இன்று எழுத அமரும்போது கைக்குக் கிடைக்கும் அச்சு அரசர்களுடையதாகவே இருக்கிறது. விகாரம் நின்ற அதே நாகப்பட்டினத்திலிருந்துதான் மலாயாவுக்குத் தொழிலாளர் ஏற்றப்பட்டனர் என்பதை இவ்வெழுத்தாளருள் எவரும் சுட்டாதது ஒரு முரணே. உண்மையான இணைப்பு அங்கே இருக்க, கற்பித்த இணைப்பையே நாடுகின்றனர்.

முன்னோரைத் தேடும் எழுத்துக்கு உலக அளவில் முன்மாதிரியாகக் கொள்ளப்படுவது அலெக்ஸ் ஹேலி 1976-இல் வெளியிட்ட 'வேர்கள்' என்னும் நூலாகும். தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்னும் பெயரில் இது பரவலாக வாசிக்கப்பட்டது. நம் மாணவர் பலரும் இதனையே மேற்கோளாகக் காட்டுகின்றனர். டென்னசி மாநிலத்தில் தம் பாட்டியும் பிறரும் சொன்ன கதையிலிருந்து ஹேலி புறப்பட்டார். 'கின்டே' என்னும் பெயர், ஆற்றைக் குறித்த ஒரு சொற்றொடர், இசைக்கருவியைக் குறித்த ஒரு சொல், முரசு செய்ய மரம் வெட்டப் போனவன் பிடிபட்டான் என்னும் செய்தி ஆகியன அக்கதையில் எஞ்சியிருந்தவை. அச்சொற்கள் மண்டிங்கா மொழியைச் சேர்ந்தவை என மொழியறிஞரின் துணையால் அறிந்து காம்பியா நாட்டின் ஜுஃபுரே என்னும் சிற்றூருக்கு அவர் சென்றார். அங்கே முதியவர் ஒருவர் கின்டே குலத்தின் வரலாற்றைச் சொல்லி வருகையில், மரம் வெட்டப் போன குன்டா திரும்பி வரவே இல்லை என்றார். ஹேலி அந்நாளையக் கப்பல் பதிவேடுகளைத் தேடி, 1767-இல் அனாபொலிஸ் துறைமுகத்தை அடைந்த ஒரு கப்பலோடு அச்செய்தியைப் பொருத்தினார்.

நூல் வெளிவந்த மறு ஆண்டே ஐயங்கள் எழுந்தன. 1977-இல் இலண்டன் இதழாளர் மார்க் ஆட்டவே காம்பியா சென்று, ஹேலி எதைத் தேடி வருகிறார் என்பது அங்குள்ளோர்க்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்றும், கதை சொன்ன முதியவர் மரபுவழிப் பாணர் அல்லர் என்றும் எழுதினார். கேரி மில்ஸ், எலிசபெத் ஷோன் மில்ஸ் இணையர் 1981-இல் வெளியிட்ட ஆய்வு இதனினும் கடுமையானது. குன்டாவுக்கு வெள்ளையர் இட்டதாகச் சொல்லப்படும் டோபி என்னும் பெயருடைய அடிமை, அக்கப்பல் கரை சேர்வதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வர்ஜீனியா ஆவணங்களில் காணப்படுகிறான். அவனுடைய மகள் பிறந்ததாகக் கூறப்படும் காலத்திற்கு முன்பே ஆவணங்களிலிருந்து மறைந்தும் விடுகிறான். இதற்கிடையே ஹெரால்டு கூர்லாண்டர் எழுதிய 'ஆப்பிரிக்கன்' என்னும் புதினத்தின் சில பகுதிகள் தம் நூலில் இடம்பெற்றுவிட்டதை ஹேலி 1978-இல் ஒப்புக்கொண்டு இழப்பீடு வழங்கி வழக்கை முடித்துக்கொண்டார்.

இவற்றால் 'வேர்கள்' மதிப்பிழந்தது எனக் கூறுவது நம் கருத்தன்று. அடிமைகளின் வழிவந்தோர் தம் முன்னோரைத் தேட ஆவணக்காப்பகங்களை நாடியதற்கு அந்நூல் பெருந்தூண்டுதலாயிற்று. எனினும் அதன் பிழைகள் நமக்கு மிகவும் அறிமுகமானவை என்பதே இங்கு நோக்கத்தக்கது. கேட்பவர் விரும்பும் விடையை முதியவர் தந்துவிடுவது ஒன்று. நினைவில் விழுந்த பள்ளத்தைப் புதினத்தைக் கொண்டு நிரப்புவது மற்றொன்று. இவ்விரண்டும் நம் ஒப்படைப்புகளில் நாள்தோறும் நிகழ்வனவே.

"பாட்டி, தாத்தா சயாமுக்குப் போனாரா?" என்று பேத்தி கேட்கிறாள். எண்பது வயதைக் கடந்த பாட்டி, "போனாரு" என்கிறாள். அவர் போகாதிருந்தும் இருக்கலாம். அண்டை லயத்துக்காரர் போயிருக்கலாம். "ஜப்பான்காரன் காலத்தில் தாத்தா எங்கே இருந்தார்?" என்று கேட்டிருந்தால் விடை வேறாகவும் நீளமாகவும் வந்திருக்கும். அடுத்து, சயாம் முகாமில் தாத்தா பட்ட பாடு மூன்று பக்கங்களுக்கு விரிகிறது. வாந்திபேதியும் மூங்கில் படுக்கையும் மழையும் அங்கே உள. வாசித்துச் செல்கையில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய புதினங்களின் வாசனை நமக்குத் தட்டுப்படுகிறது. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் மாண்ட போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தமிழ்த் தொழிலாளர்க்கு அவ்வாறு ஆளுக்கொரு கல் இல்லை. ஆகவே அப்புதினங்கள் நமக்குச் செய்திருக்கும் பணி சிறிதன்று. ஆயினும், புதினத்தில் வரும் முகாமைத் தம் தாத்தாவின் முகாமாக எழுதிவிடும்போது, அவரைப் பற்றி எஞ்சியிருந்த ஒரே உண்மையும், அதாவது 'போனார், திரும்பவில்லை' என்பதும், அக்கற்பனைக்கு அடியில் புதைந்து போகிறது.

நம் தேடல் கடினமானது என்பதை மறுப்பதற்கில்லை. மொரிசியசுக்குச் சென்றவர்களின் பதிவேடுகள் அந்நாட்டு மகாத்மா காந்தி நிறுவனத்தில் பேணப்படுகின்றன; வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், ஊர், பலருக்குப் புகைப்படமும் அவற்றில் உண்டு. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத்தில் சென்ற 152,184 பேரின் கப்பல் பட்டியல்கள் ஆய்வாளர்க்குக் கிடைக்கின்றன. மலாயாவின் நிலை வேறு. இங்கு ஒப்பந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை வந்தவர்களுள் பெரும்பாலோர் கங்காணி வழியாகவோ, ஆவடி, நாகப்பட்டினம் முகாம்கள் வழியாகவோ பயண உதவி பெற்று வந்தவர்கள். ஒரு மாத முன்னறிவிப்புடன் தோட்டத்தை விட்டு விலகும் உரிமை பெற்றிருந்த அவர்களுக்குத் தனி ஒப்பந்தப் பத்திரம் இல்லை. சட்டத்தின் கண்களில் அவர்கள் சஞ்சிக்கூலியினும் மேலான நிலையினர். தடயத்தைப் பொறுத்தவரை அவனினும் ஏழைகள். கங்காணியின் நினைவே அவர்களின் பதிவேடாக இருந்தது. கங்காணி இறந்ததும் அதுவும் அழிந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது கிராணியின் அலுவலகத் தாள்கள் எங்கே போயின என்று கேட்பாரில்லை.

எஞ்சியுள்ள சான்றுகளையேனும் கவனத்தோடு வாசிக்கிறோமா எனின், இல்லை என்றே கூறவேண்டியுள்ளது. நாம் வாசித்த வரலாறுகளில் ஏறத்தாழ எல்லாத் தாத்தாக்களும் 'ரஜூலா'வில் வந்தவர்கள். அக்கப்பல் கட்டப்பட்டது 1926-இல். மூத்த மகள் 1922-இல் கிள்ளான் பகுதித் தோட்டமொன்றில் பிறந்தாள் என்று அதே கட்டுரையின் அடுத்த பக்கம் கூறுமாயின், இரண்டில் ஒன்று தவறு. ஒருவேளை அவர் ஒருமுறை ஊருக்குப் போய்த் திரும்புகையில் ரஜூலாவில் வந்திருக்கலாம். குடும்ப நினைவு இரு பயணங்களை ஒன்றாக்கியிருக்கலாம். அவ்வாறாயின் அவர் திரும்பிப் போனார், மீண்டும் வரத் துணிந்தார் என்னும் புதிய செய்தியன்றோ கிடைக்கிறது! பிழையை ஆராய்ந்தால் வரலாறு வளம் பெறுகிறது.

பெயர்களும் இவ்வாறே. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால், முனியாண்டியின் மகன் இராமசாமி, இராமசாமியின் மகன் முனியாண்டி, மீண்டும் முனியாண்டியின் மகன் இராமசாமி எனத் தலைமுறைகள் மாறி மாறி வரும். பிறப்புச் சான்றிதழிலோ பள்ளிப் பதிவேட்டிலோ 'முனியாண்டியின் மகன் இராமசாமி' என்று கண்டால் அவர் தாத்தாவா பேரனா என்பதை ஆண்டைக் கொண்டே உறுதி செய்ய இயலும். ஆண்டும் நம்பத்தக்கதன்று; 1948-இல் அடையாள அட்டை வழங்கத் தொடங்கியபோது பிறப்புச் சான்று இல்லாத பலர் தோராயமாகவே வயது சொன்னார்கள். ஊர்ப் பெயரும் இடம் மாறும். 'வடஆற்காடு ஜில்லா' என்று பாட்டி சொன்னதைக் கொண்டு தேடுவோர், 1989-இல் அம்மாவட்டம் பிரிந்ததையும், 2019-இல் வேலூரிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும். இவை சிறு செய்திகளே. ஆனால் இச்சிறு செய்திகளில்தான் பெரும்பாலான தேடல்கள் முடங்கிப் போகின்றன.

இனி, எவரும் எழுத விரும்பாத ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஊர் மறந்து போயினும் குலதெய்வத்தின் பெயர் மறப்பதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு தமிழகம் சென்று ஊரைக் கண்டடைந்தோர் உண்டு. குலதெய்வம் ஊரைக் காட்டுவதோடு சாதியையும் காட்டிவிடுகிறது. மலாயா தோட்டங்களுக்கு வந்தோருள் கணிசமானோர் ஊருக்கு வெளியே சேரியில் வாழ்ந்தவர்கள். மூன்று தலைமுறைக்குப் பின் வாடகை மகிழுந்தில் சென்று இறங்கும் பேரனை ஊர் எந்தத் தெருவுக்கு அனுப்புகிறது என்பதில் அவன் முன்னோர் கப்பலேறியதன் காரணமே அடங்கியிருக்கலாம். எழுதப்படும் வரலாறுகளோ 'பஞ்சத்தால் வந்தார்' என்ற இரு சொற்களோடு நின்றுவிடுகின்றன. மறைப்பவரை நாம் குறை கூறவில்லை; மறைக்க அவர்களுக்குத் தக்க காரணம் உண்டு. பெயரையும் ஊரையும் வெளியிடாமலே காரணத்தை எழுத வழியுண்டு என்பதை ஆசிரியர்கள் எடுத்துரைக்கலாம்.

பெண்களைப் பொறுத்தவரை மறைப்புக்கு அத்தகைய காரணமும் இல்லை. நினைவு மலர்களில் இடம்பெறும் குடிவழி வரைபடங்களில் ஆண்களின் பெயருக்கருகே 'மனைவி' என்னும் சொல் மட்டும் நிற்பதைப் பலமுறை கண்டோம். தோட்டத்துச் செக்ரோலிலோ அவளுக்கு ஒரு வரி உண்டு. அவளும் மரம் சீவிக் கூலி வாங்கியவள் ஆதலின் கிராணிக்கு அவள் பெயர் தேவைப்பட்டது. தோட்ட நிருவாகம் எழுதி வைத்த பெயரைக் குடும்பம் எழுதாமல் விட்டது என்பது வெட்கத்திற்குரியது. இவ்வகையில் முத்தம்மாள் பழனிசாமியின் 'நாடு விட்டு நாடு' நாம் மதித்துப் போற்றும் நூல். பெண்ணொருத்தி தன் குடும்பத்தின் பெயர்வைத் தானே சொல்வதால், ஆண்வழி வரைபடத்துக்கு எட்டாத செய்திகள் அங்கே இயல்பாக இடம்பெறுகின்றன. நாட்டுப்புறப் பாடல்கள் வழியாகவும் தம் வாழ்வை நினைவுகூர்ந்தவர் அவர் என்பது கருதற்பாலது. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் தாய்மாமன் பெயரும் பிறந்த ஊரும் வருவதுண்டு. தாய்வழியைத் தேடுவோர் அவற்றையும் கேட்டுப் பதிய வேண்டும்.

இறுதியாக, மதிப்பெண் பற்றி ஒரு சொல். பள்ளியிலும் கல்லூரியிலும் குடிவழி வரைபடம் வரையச் சொல்லி, கட்டங்கள் நிரம்பியிருந்தால் முழு மதிப்பெண்ணும் வெற்றிடம் இருந்தால் குறைவும் இடுகிறோம். மாணவர் என் செய்வர்? தெரியாத கொள்ளுப்பாட்டிக்கு ஒரு மாரியாயியையோ காமாட்சியையோ எழுதிவிடுகின்றனர். ஓராண்டு நாம் இதனை மாற்றி, நிரப்பிய ஒவ்வொரு கட்டத்துக்கும் 'யார் சொன்னது' என்றும், நிரப்பாத ஒவ்வொன்றுக்கும் 'எங்கே தேடினேன்' என்றும் எழுதச் செய்தோம். வரைபடங்கள் பாதிக்கு மேல் வெறுமையாயின. ஒரு மாணவி மட்டும் கொள்ளுப்பாட்டியின் கட்டத்தில் பெயருக்குப் பதிலாக, அவர் பெயரை அறிந்த கடைசி ஆளாகிய பெரியத்தை பேராவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருப்பதாகவும், விடுமுறையில் சென்று கேட்கவிருப்பதாகவும் குறித்திருந்தாள்.