கல்லில் வாழும் மரம்

விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் மாறுகிறவர்கள் ஏராளம். அடுத்த வண்டிக்கு நேரம் இருந்தால் காப்பி சாப்பிடுவார்கள். பத்திரிகை வாங்கிப் புரட்டுவார்கள். ஊருக்கு வெளியே போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்ற கேள்வி யாருக்கும் எழுவதில்லை. ஆனால் கலையையும் மதத்தையும் பற்றி வாதம் செய்கிறவர்கள் முதலில் பார்த்துவிட்டு வரவேண்டிய இடம், இங்கிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. மண்டகப்பட்டு என்று பெயர்.

வாதத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. மதம் இல்லையேல் கலை இல்லை. முன்னோர் வகுத்ததை இம்மி பிசகாமல் செய்து வந்தால் போதும் என்பது ஒன்று. மதமும் சம்பிரதாயமும் கலைஞன் காலில் பூட்டிய விலங்குகள், அவற்றை உடைத்தால்தான் சிருஷ்டி பிறக்கும் என்பது மற்றொன்று. மண்டகப்பட்டுப் பாறை இரண்டு கட்சிக்கும் சங்கடமான சாட்சி.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் அந்தப் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். பெரிய கோயில் என்று சொல்ல முடியாது. முகப்பில் இரண்டு தூண்கள், சுவரோடு ஒட்டிய இரண்டு அரைத்தூண்கள், இரு கோடியிலும் துவாரபாலகர்கள், உள்ளே பின்சுவரில் மூன்று அறைகள். அவ்வளவுதான். அறைகள் இன்று வெறுமையாக இருக்கின்றன. அங்கே அரிய பொருள் ஒரு வடமொழிக் கல்வெட்டு. பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்குமாக விசித்திரசித்தன் என்ற அரசன் இக்கோயிலைச் செய்வித்தான் என்கிறது அது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணச் சாந்து இல்லாமல் செய்வித்தான் என்றும் சேர்த்துக்கொள்கிறது.

எவ்வளவு பொன் கொடுத்தேன், எத்தனை வேலி நிலம் விட்டேன் என்று பெருமை பேசிய அரசர்கள் பலர். எதை எதை விலக்கினேன் என்று பெருமை பேசியவன் இவன். அந்தப் பெருமைக்குக் காரணம் இருந்தது. தொண்டை மண்டலத்தில் அதுவரை தெய்வத்துக்கு வீடு கட்டியது அழியக்கூடிய பொருள்களால். கல்லோ இறந்தவர்களின் உடைமை. நடுகல்லும் கல்திட்டையும் அவர்களுக்காக எழுந்தவை. அதனால்தான் கோயிலுக்குக் கல்லை எடுக்கத் தயங்கினார்கள் என்று ஆராய்ச்சியாளர்களில் சிலர் கருதுகிறார்கள். அப்படியானால் மகேந்திரன் செய்தது கட்டடப் புதுமை மட்டுமாக நின்றிருக்காது, கேட்டவர்கள் திடுக்கிட்டிருப்பார்கள். ஆனால் சம்பிரதாயத்தை மீறிய அந்தக் கை மூன்று தெய்வங்களுக்கு இடம் அமைத்த கை. ‘மத்தவிலாசம்’ என்ற பிரகசனத்தில் குடிகாரக் காபாலிகனையும் பௌத்த பிக்ஷுவையும் கேலி செய்தவனும் இதே அரசன்தான். நம்பிக்கைக்கு உள்ளே நின்றுகொண்டே ஒருவன் சிரிக்கலாம், மீறலாம் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அடுத்து நடந்தது இன்னும் ருசிகரமானது. மகேந்திரன் வெளியே அனுப்பிய மரம், அவன் வம்சத்தார் காலத்திலேயே கல்லுக்குள் திரும்பி வந்துவிட்டது. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் என்கிறோமே, அது ஒரே பாறையில் செதுக்கிய கூரை வீடு. கருங்கல் கொடுங்கையும் மரமும் ஓலையும் வளைந்த நினைவில் வளைகிறது. அஜந்தாவில் கூரைக்கு அவசியமே இல்லாத குகைக்குள் மர வளைகளைப் போலக் கல்லைச் செதுக்கினார்கள். கிரேக்கர்களின் சலவைக்கல் கோயில்களில் தூண்களுக்கு மேலே வரிசையாக வரும் கோடிட்ட கட்டங்கள், பழைய மர உத்தரங்களின் முனைகள் என்று சொல்வதுண்டு. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டா செய்தார்கள்? தெய்வத்தின் வீட்டைப் பக்தன் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். பொருளைக் கலைஞன் மாற்றலாம். அந்த அடையாளத்தை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. மரபு என்று நான் சொல்வது இதைத்தான்.

ஒவ்வொரு மதமும் தன் மனத்துக்கு ஏற்ற உருவத்தைக் கேட்கிறது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களை ஒரு பாறையில் இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் அதிக வித்தியாசம் தெரியாது. சிற்பிக்குக் கற்பனை வறட்சி என்று நினைத்தால் தப்பு. ஆசையைத் துறந்தவர்களுக்குத் தனி முகபாவம் எதற்கு? அதே குன்றில் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு இருக்கிறது. அதைப் படித்தபின் அந்த 24 உருவங்களின் அசைவின்மைக்கு அர்த்தம் விளங்கும். விழுப்புரம் பக்கத்துப் பனமலையில், ராஜசிம்மன் கட்டிய கோயிலில், வேறு மனம். அங்கே சுவர்ச் சித்திரத்தில் பார்வதி ஒரு காலை மடித்து, உடம்பைச் சற்றே வளைத்து, தலைக்கு மேல் குடையுடன் நின்று சிவனின் ஆட்டத்தைப் பார்க்கிறாள். ஆடுகிறவர் பெரும்பாலும் அழிந்துவிட்டார். ஆனாலும் அவள் நிற்கிற நிலையிலேயே ஆட்டம் தெரிகிறது! உலகமே தெய்வத்தின் விளையாட்டு என்று நம்புகிறவன்தான் இப்படி எழுதுவான். மசூதியில் உருவம் கூடாது என்ற விதி எழுத்தையே சித்திரமாக்கியது. விலக்கும் ஒரு வகையில் வித்துதான்.

‘பொன்னியின் செல்வ’னில் குந்தவையைச் சந்தித்த வாசகர்களுக்கு இன்னொரு செய்தி. திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில் அவள் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் ஜினருக்கும் கோயில் எடுப்பித்தாள். மூன்று மனங்களுக்கும் இடம் கொடுக்க ஒரு பெண்ணால் முடிந்திருக்கிறது.

இதெல்லாம் பழங்கதை, இன்றைக்கு என்ன என்று கேட்கலாம். ஜப்பானில் இஸே என்ற ஊரில் ஒரு மரக்கோயில் இருக்கிறது. 20 ஆண்டுக்கு ஒரு முறை, பக்கத்து மனையில் அதே அளவில் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். 2013இல் 62ஆவது தடவையாகக் கட்டினார்கள். அங்கே மரம் போகிறது. தச்சனின் வித்தை தகப்பனிடமிருந்து மகனுக்குத் தங்குகிறது. நமக்கு மகேந்திரன் கொடுத்தது அழியாத பொருள். அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம்? திருப்பணி என்ற பெயரில் பல ஊர்களில் தூண்கள்மேல் மணலைப் பீய்ச்சிக் கழுவினார்கள். உளியின் வரியும் கல்வெட்டின் எழுத்தும் சேர்ந்து தேய்ந்தன. சித்திரத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். கருங்கல் தரையில் குளியலறை ஓடு பதித்தார்கள். செய்தவர்கள் நாஸ்திகர்கள் அல்ல. நெற்றி நிறைய விபூதியும் நாமமும் தரித்த பக்தர்கள். மரபைக் காப்பாற்றுவதாகவே அவர்கள் மனப்பூர்வமாக நம்பினார்கள். பக்தி இருந்தது, பார்வை இல்லை.

கதை எழுதுகிற எங்களுக்கும் இதில் பாடம் உண்டு. நாவல் என்ற உருவம் மேற்கிலிருந்து வந்தது. நமக்கு அது மகேந்திரன் கைக்கு வந்த கல்லைப் போன்றது. அந்நியப் பொருள் என்று ஒதுக்குகிறவர்களும், வந்தது வந்தபடியே நகல் செய்கிறவர்களும் பாதிக் காரியம்தான் செய்கிறார்கள். அந்தக் கல்லில் நம் வீட்டுக் கூரையின் வளைவு விழவேண்டும். நம் பாட்டி திண்ணையில் கதை சொன்ன குரல் அதில் கேட்க வேண்டும். கேட்காத வரையில் அது வெறும் கல்.