25 பைசாக் கப்பல்

வ. உ. சிதம்பரம்பிள்ளையின் நூற்றாண்டை நினைவுகூர்ந்து இந்திய அஞ்சல் துறை 1972 செப்டெம்பர் 5ஆம் திகதி 25 பைசா முத்திரை ஒன்றை வெளியிட்டது. நீலம், பழுப்பு என இரண்டே நிறங்கள். சிதம்பரனாரின் உருவத்தோடு ஒரு கப்பலும் அதில் இடம்பிடித்திருக்கிறது.

தலைவர்களின் முத்திரைகள் பெரும்பாலும் முகத்தோடு நின்றுவிடும். 1956இல் வந்த திலகரின் 2 அணா முத்திரையில் பெயரை விரலால் மறைத்தால், அறியாதவருக்குத் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர்தான் தெரிவார். சிதம்பரனாரின் முத்திரையில் பெயரை மறைத்தாலும் கப்பல் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு நயமும் உண்டு. 1961இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ படம் வந்தபிறகு வ. உ. சி. என்றால் சிவாஜி கணேசனின் முகமே பலர் மனதில் நின்றது. முத்திரை அசல் முகத்தைக் கைக்குக் கை கொண்டுபோனது.

அந்தக் கப்பலுக்குப் பின்னால் ஒரு கம்பனி இருக்கிறது. 1906இல் தூத்துக்குடியில் சிதம்பரனார் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்தின் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பங்கின் விலையும் முத்திரையின் விலையும் 25இல் ஒத்துப்போனது தற்செயலாகவே இருக்கலாம், ஆனாலும் கவனித்தவருக்கு அது ஒரு ருசி. ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரு கப்பல்களும் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. போட்டியாக ஓடிய பிரித்தானியக் கம்பனி முதலில் கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இலவசமாக ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தது. 1908இல் சிதம்பரனார் சிறை சென்றார். 1911இல் சங்கம் கலைந்தது, கப்பல்கள் போட்டிக்காரர் கைக்கே போயின.

கப்பல் ஓடிய கடல் மன்னார் வளைகுடா. இலங்கையின் மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கரையில் நின்று நேர் மேற்கே கோடு இழுத்தால் 200 கிலோமீற்றருக்குச் சற்று முன்னதாகத் தூத்துக்குடியில் போய் முட்டும். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே அகலாங்கில் கிடக்கின்றன. அரிப்பு, சிலாவத்துறை முத்துக்குளிப்புக்குத் தூத்துக்குடிப் பக்கத்துச் சுழியோடிகள் தலைமுறைகளாகத் தோணியில் வந்துபோனார்கள். அதே 1906இல்தான் அரிப்புக் கரையின் முத்துப் பார்கள் லண்டன் கம்பனி ஒன்றுக்குக் குத்தகையாகப் போயின. கடலின் ஒரு கரையில் வெள்ளைக்காரக் கம்பனிக்குப் பார்கள் கைமாற, மறு கரையில் வக்கீலான சிதம்பரனார் பங்குப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். முத்திரையின் நீலத்தை அரிப்பில் இருந்து பார்ப்பவருக்கு அது வெறும் பின்னணி நிறமாகப் படாது.

அச்சு நாசிக் நகரத்து இந்தியப் பாதுகாப்பு அச்சகத்தினுடையது. முறை, ஒளிக்குழிவு அச்சு. உருளையில் நுண்ணிய குழிகள். குழி ஆழமானால் மை கூடும், நிழல் கறுக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கன்னத்தின் நிழல் ஓரிடத்திலும் சட்டென்று வெட்டாமல், சிறு சிறு புள்ளிகளாக இளகி வெளிச்சத்தில் கரைவது தெரியும். முகத்துக்கு இம்முறை நன்றாக ஒத்துவரும். கப்பலுக்கு அப்படியல்ல. கொடிமரம், கயிறு போன்ற மெல்லிய கோடுகளைத் தகட்டில் உளி கொண்டு செதுக்கும் பழைய செதுக்கச்சுதான் கூர்மையாகத் தரும். புள்ளிகளில் அவை சற்று மங்கும். இந்த முத்திரையில் குறை சொல்வதானால் இதைச் சொல்லலாம். தூரத்தில் போகும் கப்பல் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும் என்று எதிர்வாதம் செய்யவும் இடமுண்டு.

சேகரிப்போர் பொதுவாக முகத்தில் தபாற்குத்து விழாத பிரதியைத் தேடுவார்கள். இந்த முத்திரைக்கு அந்த விதியைத் திருப்பிப் போடவேண்டும்: கறுத்த வட்டம் தோளிலோ ஓரத்திலோ விழுந்திருக்கலாம், கப்பல் மட்டும் தப்பியிருக்கவேண்டும்.