நரி வெங்காயம்

பசுமலையில் எங்கள் மொட்டைமாடித் தொட்டி ஒன்றில் மாசி மாதம் முழுக்கப் பச்சை எதுவும் தெரியாது. பட்டுப்போச்சு என்று நினைத்து யாராவது தண்ணீர் ஊற்ற வந்தால் தடுத்துவிடுவேன். உள்ளே நரி வெங்காயம் தூங்குகிறது. அந்த நேரத்தில் ஈரம் பட்டால் கிழங்கு அழுகிவிடும்.

கோடையில், இலை ஒன்றுகூட இல்லாமல், தண்டு மட்டும் கிளம்பும். முழங்கால் உயரம் தாண்டியதும் மங்கிய வெள்ளையில் சின்னச் சின்னப் பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கும். இதழின் நடுவே பழுப்புக் கோடு. மழை வந்த பிறகே வார் போன்ற இலைகள். பூ முதலில், இலை பிறகு: இந்த வரிசைக்காகவே இதன்மேல் எனக்குத் தீராத பிரியம்.

செம்மண்ணும் ஆற்று மணலும் சரிபாதி போதும். கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய நட வேண்டும். காட்டில் தோண்டாதீர்கள், கறுத்த, தட்டையான விதையிலிருந்தே வளர்க்கலாம், சில வருடம் பொறுக்க வேண்டும்.

பேர்தான் வெங்காயம். குழம்புக்கு ஆகாது, இதயத்தைத் தாக்கும் நஞ்சு. பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.