பதவிக்கு முந்திய ஓராண்டு: தலைமையாசிரியர் உடனிருப்புப் பயிற்சி குறித்து

பணிமூப்பின் வழியே தலைமையாசிரியர் பதவி வந்துசேரும் வழக்கம் தென்னிந்திய அரசுப் பள்ளிகளில் ஆழ வேரூன்றியது. பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டமும் இதற்கு விலக்கன்று. பதவி உயர்வு ஆணை கைக்கு வரும் நாள்வரை வகுப்பறையை மட்டுமே அறிந்திருந்த ஆசிரியர், மறுநாள் முதல் மதிய உணவுக் கணக்கு, பால் வழங்கும் திட்டப் பதிவேடு, மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் பணி, பள்ளி வளர்ச்சிக் குழுக் கூட்டம், சக ஆசிரியர்களின் விடுப்பு என அனைத்துக்கும் பொறுப்பாளியாகிறார். அவற்றிடையே கற்பித்தலை மேம்படுத்துவது என்னும் தலையாய கடமை கடைசி இடத்துக்குத் தள்ளப்படுகிறது. இக்குறையைக் களையக் கல்வியாளர்கள் முன்வைக்கும் முறைகளுள் குறிப்பிடத்தக்கது உடனிருப்புப் பயிற்சி. தலைமைப் பொறுப்பை ஏற்கவிருப்பவர், தேர்ந்த தலைமையாசிரியர் ஒருவரின் பள்ளியில் ஏறத்தாழ ஓராண்டு தங்கி, பொறுப்புகளில் ஒரு பகுதியைத் தாமே ஏற்று நடத்தி, வழிகாட்டியின் கண்காணிப்பில் பிழைகளைத் திருத்திக் கற்பதே அதன் சாரம். மருத்துவர் தனியே சிகிச்சை அளிக்குமுன் மூத்தவரின் கீழ் பணியாற்றுவதை இது ஒத்தது.

இம்முறைக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, நியூயார்க் நகரில் 2003இல் தொடங்கிய தலைமைத்துவ அகாடமி நடத்திய 14 மாதப் பயிற்சியாகும். அதில் 10 மாதங்கள் வழிகாட்டி முதல்வரின் பள்ளியிலேயே கழிந்தன. தொடக்கத்தில் செலவின் பெரும்பகுதியைத் தனியார் கொடையாளர்கள் ஏற்றனர். நலிந்த பள்ளிகளுக்கே பெரும்பாலும் அனுப்பப்பட்ட இப்பயிற்சியாளர்களின் விளைவுகளை ஆராய்ந்தோர், மொழிப்பாடத்தில் ஓரளவு முன்னேற்றத்தையும், கணிதத்தில் பிற புதிய முதல்வர்களின் பள்ளிகளோடு ஒப்பிடத்தக்க நிலையையும் கண்டனர். சிங்கப்பூரோ, துணை முதல்வர்களைத் தேர்ந்து, முழு ஊதியத்துடன் பணியிலிருந்து விடுவித்து, தேசியக் கல்விக் கழகத்தில் ஆறு மாத முழுநேரப் பயிற்சிக்கு அனுப்பும் வழியை 2001 முதல் பின்பற்றியது. இரண்டிலும் பொதுவாக உள்ளவை இரண்டே: பயிற்சி பதவிக்கு முன்னரே நிகழ்கிறது, பயிலும் காலத்தில் வேறு பணிச்சுமை இல்லை. பாடத்திட்டத்தின் நயத்தைவிட இவ்விரண்டுமே அவற்றின் வலிமை எனக் கொள்வது தகும்.

இந்தியாவில் முயற்சிகள் இல்லாமல் இல்லை. தேசியக் கல்வித் திட்டமிடல் நிர்வாகப் பல்கலைக்கழகம் 2012இல் பள்ளித் தலைமைத்துவத்துக்கெனத் தேசிய மையம் ஒன்றை நிறுவியது. கர்நாடகத்தில் தார்வாடில் கல்வி மேலாண்மைக்கெனத் தனி நிறுவனம் இயங்குகிறது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளித் தலைவர்களும் ஆண்டுதோறும் 50 மணி நேரமேனும் தொடர் பயிற்சி பெறவேண்டும் என எதிர்பார்க்கிறது. ராஜஸ்தானில் 2008இல் தொடங்கிய கைவல்யா அறக்கட்டளையின் திட்டம், காந்தி ஃபெலோ எனப்படும் இளம் பட்டதாரிகளைப் பள்ளிகளுக்கு அனுப்பித் தலைமையாசிரியர்களுக்குத் துணைநிற்கச் செய்தது. இங்கு வழிகாட்டல் தலைகீழாகிறது: பள்ளியை ஒருநாளும் நடத்தியிராத இளையவர், முப்பதாண்டு அனுபவமுள்ளவருக்குத் துணை. இளையவரின் கேள்வி சில வேளைகளில் மூத்தவரின் பழக்கத்தை அசைக்கும் என்பது உண்மையே. ஆயினும் ஊரார் சினந்து பள்ளி வாயிலில் கூடும்போது என்ன செய்வது என்பதை அவரால் கற்பிக்க இயலாது. இவ்வனைத்தும் பெரும்பாலும் பதவியில் ஏற்கெனவே அமர்ந்தோருக்கானவை என்பதே மையமான குறை.

இனி ஆனேக்கல்லை நோக்கலாம். அத்திபெலே, ஜிகணி, பொம்மசந்திரா ஆகிய தொழிற்பேட்டைகள் சூழ்ந்த இவ்வட்டத்தில், கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது பேசுவோருடன் வடமாநிலங்களிலிருந்து வேலைதேடி வந்தோரும் வாழ்கின்றனர். ஆண்டின் நடுவில் வந்து சேரும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது முதல், பயிற்றுமொழி அறியாத பெற்றோருடன் உரையாடுவது வரை, எக்கையேட்டிலும் அடங்காத தேர்ச்சி இங்குத் தலைமையாசிரியருக்குத் தேவைப்படுகிறது. இத்தகைய தேர்ச்சி அருகிருந்து கண்டே பெறத்தக்கது என்பதால், உடனிருப்பு முறைக்கு ஆனேக்கல் பொருத்தமான களமே. கோட்பாட்டறிவுக்கும் பஞ்சமில்லை, கல்வியியலில் முதுகலை பயிற்றுவிக்கும் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் இதே வட்டத்தில், சர்ஜாபுரத்தை அடுத்த புருகுண்டேயில் உள்ளது.

எனினும் பொருத்தம் வேறு, சாத்தியம் வேறு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்து வகுப்புகளில் 150 மாணவருக்கு மேல் இருந்தால்தான் தனித் தலைமையாசிரியர் பணியிடம் உறுதி. ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு அவ்வரம்பு 100. ஆகவே சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றில் மூத்த ஆசிரியர் ஒருவரே பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்து, தம் வகுப்புகளையும் நடத்துகிறார். வழிகாட்டியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவரே பாடவேளைகளுக்கிடையே ஓடிக்கொண்டிருக்கையில், பயில்பவரோடு அமர்ந்து ஒரு முடிவின் காரண காரியங்களை விளக்க நேரம் ஏது? பயில வந்தவர் விரைவில் இலவச எழுத்தராகிவிடுவார். தகவல் ஏற்றும் வேலை அவர் தலையில் விழும். அவர் விட்டு வந்த வகுப்பிலோ, அதிதி ஆசிரியர் எனப்படும் தற்காலிக ஆசிரியர் வரும்வரை பிள்ளைகள் காத்திருப்பர். இக்கடைசி இழப்பைத் திட்ட வரைவுகள் கணக்கிடுவதே அரிது.

வழிகாட்டியின் தரம் குறித்த ஐயம் இதனினும் கடியது. உடனிருப்பு முறை நற்பழக்கங்களை மட்டுமன்றி எல்லாப் பழக்கங்களையும் கடத்தும். அதிகாரிகளின் வருகையை முன்னிட்டுப் பதிவேடுகளை ஒழுங்குபடுத்துவதையே நிர்வாகம் எனக் கருதும் ஒருவரிடம் ஓராண்டு பயின்றவர், அக்கலையில் தேர்ந்து வெளிவருவார். மத்தியப் பிரதேசத்தில் 1,774 தொடக்க நிலைப் பள்ளிகளை உள்ளடக்கிக் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் நடத்திய ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது: மதிப்பீடும் மேம்பாட்டுத் திட்டமும் கொண்ட பள்ளி நிர்வாகச் சீர்திருத்தம் ஆவணங்களைப் பெருக்கியதேயன்றி, நிர்வாகத்திலோ மாணவர் கற்றலிலோ மாற்றம் விளைவிக்கவில்லை, இருந்தும் அத்திட்டம் நாடெங்கும் விரிக்கப்பட்டது. உடனிருப்புப் பயிற்சியும் குறிப்பேடு நிரப்பும் சடங்காகிவிடக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

மூப்புவழிப் பதவி உயர்வைக் குறைகூறுவோர் அதன் ஒரு நன்மையை மறந்துவிடுகின்றனர்: அது பரிந்துரைக்கும் சாதிச் செல்வாக்குக்கும் இடங்கொடாத வெளிப்படையான வரிசை. தெரிவுக் குழுவின் விருப்பத்துக்குப் பயிற்சி இடங்களை விட்டுவிட்டால் வழக்குகள் பெருகும். அவற்றுள் பல நியாயமானவையாகவும் இருக்கும். மறுபுறம், அரசுப் பணியின் ஓய்வு வயது கர்நாடகத்தில் 60 ஆதலால், ஐம்பத்தேழில் உயர்வு பெறுபவருக்கு ஓராண்டுப் பயிற்சி அளிப்பதன் பயன் குறுகியதே. மூப்புப் பட்டியலின் வரிசையைக் குலைக்காமல், அதில் அடுத்த சில ஆண்டுகளில் முறை வரவிருப்போரை முன்கூட்டியே அழைத்து, அவர்களுள் விரும்புவோருக்குப் பயிற்சி அளிப்பது இவ்விரு சிக்கல்களையும் தணிக்கக்கூடிய வழி.

அதற்கு முன்நிபந்தனைகள் உள்ளன. வழிகாட்டிகளாகும் தலைமையாசிரியர்களின் பாடவேளை குறைக்கப்பட வேண்டும். பயில்பவரின் வகுப்புக்கு மாற்று ஆசிரியர் முதல்நாளே வந்துசேர வேண்டும். இவற்றுக்கு நிதி ஒதுக்க அரசு முன்வராத நிலையில் ஆனேக்கல்லில் உடனிருப்புப் பயிற்சியைத் தொடங்காதிருப்பதே நன்று; அப்பயிற்சிக்குச் செலவாகும் பணத்தைக் கொண்டு சிறு பள்ளிகளுக்கு முழுநேரத் தலைமையாசிரியர் பணியிடங்களை உருவாக்குவது பிள்ளைகளுக்குக் கூடுதல் பயன் தரும்.