பெட்டியின் மேல் 33: காதடைப்பான் எண்ணுக்கு ஒரு மதிப்புரை

சென்ற பருவத் தேர்வுக்குப் பத்து நாள் முன்பு, இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவர் ஒருவர் ஆசிரியர் அறைக்கு வந்து, ஒரு சிறு அட்டைப் பெட்டியையும் ஒரு தாளையும் என் மேசைமேல் வைத்தார். பெட்டிக்குள் இருந்தவை காதடைப்பான்கள். மருந்துக் கடையில் ‘இயர் பிளக்’ என்று கேட்டால் தருகிறார்களே, அந்த நுரைப் பஞ்சு உருளைகள். தாளில் ஒரு கழித்தல் கணக்கு இருந்தது: 58 − 33 = 25.

“கணக்கு எங்கே சார் தப்பு?” என்றார்.

அவர் தங்கியிருக்கும் விடுதியை அடுத்து ஒரு திருமண மண்டபம். முகூர்த்த நாட்களில் அதன் ஜெனரேட்டர் விடியவிடிய ஓடும். கட்டிலருகே கைப்பேசிச் செயலி காட்டிய அளவு 58 டெசிபல். பெட்டியில் அச்சிட்டிருந்த எண் 33. படுக்கையறையில் தொடர்ந்து கேட்கும் ஒலி 30 டெசிபலுக்கு மிகலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதலையும் அவர் படித்திருந்தார். 25 வந்துவிட்டதே, தூங்கியிருக்க வேண்டுமே என்பது அவர் வாதம். “ஆனா காதை அடைச்ச பிறகு ஜெனரேட்டர் மட்டும்தான் சார் கேக்குது. முன்னாடியாவது ஃபேன் சத்தத்தோட கலந்து இருந்துச்சு.”

அறையில் உடன் தங்கியுள்ள மூவரும் அதே ஓசையில் நன்றாகத் தூங்குகிறார்கள். இவர் மட்டும் கோழித் தூக்கக்காரர். மூன்று இரவுகளாகக் கண் மூடவில்லை. அன்று காலைச் செய்முறை வகுப்பில் வெர்னியரின் அளவைக்கூடத் தவறாகப் படித்தார்.

ஒரு நூலுக்கு மதிப்புரை எழுதுவதுபோல அந்த 33க்கு ஒரு மதிப்புரை எழுதவேண்டும் என்று அப்போதே தோன்றிற்று. எவரும் கேள்வி கேட்காமல் நம்பும் எண் அது. கடைக்காரர் பெரிய எண்ணைக் காட்டி விற்கிறார். வாங்குவோர் பெரிய எண்ணைத் தேடி வாங்குகின்றனர்.

முதலில் அதன் பிறப்பைப் பார்ப்போம். அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், காதைக் காக்கும் சாதனம் ஒவ்வொன்றும் தன் ஒலிக்குறைப்பு மதிப்பீட்டைப் பெட்டியின்மேல் அச்சிட வேண்டும் என்று 1979இல் விதி செய்தது. என்.ஆர்.ஆர். என்று சுருக்கமாகக் குறிப்பது இதைத்தான். அளக்கும் முறை 1974ஆம் ஆண்டின் தர நிர்ணயத்தைச் சேர்ந்தது. பத்துப் பேரை அமைதியான ஆய்வறையில் உட்கார வைக்கிறார்கள். காதுக்கு எட்டும் மிகச் சிறிய ஒலி எது என்று அடைப்பான் இல்லாமலும் அடைப்பானுடனும் அளக்கிறார்கள். 125 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை பல அதிர்வெண்களில், ஒவ்வொருவருக்கும் மும்முறை சோதனை. கிடைத்த சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்கங்களைக் கழித்து ஓர் எண்ணாகச் சுருக்குகிறார்கள்.

நேர்மையான முறைதான். சராசரியை அப்படியே அச்சிட்டு ஆசை காட்டாமல், பெரும்பாலோர்க்குக் கிடைக்கும் அளவுக்கு அதை இறக்கிவிடும் எண்ணம் அதில் இருக்கிறது. ஆனால் ஒரு குறை. அந்த முறையில் அடைப்பானைக் காதில் பொருத்துபவர் சோதனைக்கு வந்தவர் அல்லர். பழகிய கையுள்ள சோதனையாளர். நம் மாணவரோ விளக்கணைத்த அறையில், தூக்கக் கலக்கத்தில், தாமே செருகிக் கொள்கிறார்.

தொழிற்சாலைகளில் இந்த வேறுபாடு விரைவில் வெளிப்பட்டது. ஆய்வறை தந்த பாதுகாப்பு பட்டறையில் கிடைக்கவில்லை. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை, இந்த எண்ணில் முதலில் 7ஐக் கழி, மிச்சத்தைப் பாதியாக்கு என்று ஒரு கைக்கணக்கு வகுத்தது. 7 ஏன் என்றால், அந்த எண் ஒலியை ஏறக்குறைய உள்ளபடியே அளக்கும் ‘சி’ அளவுக்கு உரியது. கைப்பேசிச் செயலிகள் பெரும்பாலும் காட்டுவதோ, தாழ்ந்த ஒலிகளைத் தள்ளுபடி செய்யும் ‘ஏ’ அளவு. ஆகவே மாணவரின் கணக்கை இப்படித் திருத்தலாம்: 33இல் 7 போக 26; பாதி 13; 58இல் 13 போக 45. அவர் எதிர்பார்த்தது 25. இருபது டெசிபல் வேறுபாடு என்றால் ஒலிச்செறிவில் நூறு மடங்கு!

இந்தப் பாதிக் கணக்கையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். அது ஒரு கூட்டத்துக்கு வகுத்த விதி. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த ஒரே அடைப்பான் ஒருவர்க்கு 8 டெசிபலும் அடுத்தவர்க்கு 28 டெசிபலும் குறைக்கக்கூடும். இதை உணர்ந்துதான், ஒற்றை எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை, அதாவது ஒரு வீச்சை, அச்சிடலாம் என்று அதே சுற்றுச்சூழல் நிறுவனம் 2009இல் முன்மொழிந்தது. அந்த முன்மொழிவு பல ஆண்டுகள் சட்டமாகாமலே கிடந்தது. வியாபாரிக்கு ஒற்றை எண்தான் வசதி.

இதுவரை சொன்னது எண்ணின் அளவைப் பற்றியது. என் பெரிய குறை வேறு. தூக்கத்தைக் கெடுக்கும் ஒலி எத்தகையது என்று அந்த எண் கேட்பதே இல்லை.

மண்டபத்து ஜெனரேட்டரையே எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1500 சுற்று, நான்கு சிலிண்டர், நான்கு வீச்சு எஞ்சின் என்று கொள்க. வினாடிக்கு 25 சுற்று. ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். ஆக வினாடிக்கு 50 வெடிப்பு. அதன் அடிப்படை அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகள் 100, 150 என்று தொடரும். சோதனையோ 125 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது! எந்த உறுமலுக்காக நம் மாணவர் அடைப்பான் வாங்கினாரோ, அதன் அடிப்பகுதி சோதனைக்கு வெளியே நிற்கிறது. கைப்பேசியின் 58இலும் அது சரியாக இடம்பெறவில்லை. ‘ஏ’ அளவு 50 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 30 டெசிபலைத் தள்ளிவிட்டே கணக்கிடும்.

தாழ்ந்த ஒலிக்கு இன்னொரு சலுகையும் உண்டு: கசிவு. காதுக்குழாய் சுமார் 25 மில்லிமீட்டர் நீளமுள்ளது, சற்றே வளைந்தது, வட்டமும் அன்று. அடைப்பானுக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் போதும். மிதிவண்டிப் பம்பின் வாயைக் கட்டைவிரலால் லேசாக மூடிக்கொண்டு கைப்பிடியைத் தள்ளிப் பாருங்கள். மெதுவாகத் தள்ளினால் காற்று கசிந்து போய்விடுகிறது. சட்டென்று தள்ளினால் எதிர்க்கிறது. இடைவெளியில் உள்ள காற்றுக்கும் இதே குணம். வினாடிக்கு 4000 முறை ஆட்டினால் அசைய மறுக்கும். 50 முறை ஆட்டினால் தாராளமாக வழிவிடும். ஆகவே சரியாகப் பொருந்தாத அடைப்பான் பேச்சின் கூர்மையையும் மின்விசிறியின் ‘உஸ்’ என்ற ஓசையையும் நீக்கிவிடுகிறது. உறுமலை உள்ளே அனுப்பிவிடுகிறது. “ஜெனரேட்டர் மட்டும்தான் கேக்குது” என்று மாணவர் சொன்னது மிகத் துல்லியமான ஆய்வுக் குறிப்பு. என் விடைத்தாள்களில் இவ்வளவு நல்ல உற்றுநோக்கலை நான் அடிக்கடி காண்பதில்லை.

அவரையே செருகிக் காட்டச் சொன்னேன். விரலால் உருண்டையாகப் பிசைந்து, பாதி வெளியே நிற்கும்படி வைத்தார். முறை அதுவன்று. சுருக்கம் விழாமல் மெல்லிய குச்சிபோல உருட்ட வேண்டும். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் குழாயின் வளைவு நிமிரும். அப்போது உள்ளே செலுத்தி, பஞ்சு விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பொருந்தியதா என்று அறிய எளிய வழி உண்டு. ஓசை இருக்கும் இடத்தில் இரு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுகப் பொத்துங்கள். ஓசை இன்னும் வெகுவாகக் குறைந்தால் அடைப்பான் சரியாக அடைக்கவில்லை. வேறுபாடே தெரியாவிட்டால் சரி. பெட்டியில் உள்ள எண்ணைவிட இந்தச் சோதனையை நான் நம்புவேன்.

ஐரோப்பிய நாடுகளின் பெட்டிகளில் எஸ்.என்.ஆர். என்ற வேறோர் எண் இருக்கும். அதனோடு எச், எம், எல் என்ற மூன்று எழுத்துகளின்கீழ் மூன்று எண்களும் தரப்படும். உயர்ந்த, நடுத்தர, தாழ்ந்த ஒலிகளில் எவ்வளவு குறைப்பு என்பதை அவை தனித்தனியே சொல்கின்றன. குறட்டை, லாரி, ஜெனரேட்டர் ஆகியவற்றால் துன்புறுவோர் கடைசி எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். பெரும்பாலும் மூன்றில் சிறியது அதுதான். ஆகையால் விளம்பரத்தில் தலைகாட்டாது.

எல்லாம் சரியாகச் செய்தும் முழு நிசப்தம் கிடைக்காது. ஒலி மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் உட்செவியை அடைகிறது. இதனால் 40, 50 டெசிபலுக்கு மேல் எந்த அடைப்பானும் காக்க முடியாது. அடைப்பானின்மேல் காதுமூடியும் மாட்டிக்கொண்டால் இரண்டு எண்களையும் கூட்டிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மேற்கொண்டு கிடைப்பது சுமார் 5 டெசிபல்தான். இதற்கிடையே, வழக்கமாகக் காது வழியே வெளியேறிவிடும் நம் உடலின் ஓசைகள், அதாவது மூச்சு, நாடித் துடிப்பு, தாடை அசைவு ஆகியவை, அடைத்த குழாய்க்குள் சிக்கிப் பெரிதாகக் கேட்கும். விரலால் காதை அடைத்துக்கொண்டு ‘ம்ம்’ என்று முனகிப் பார்த்தால் புரியும். கூர்ந்த காது உடையோரில் சிலர் முதல் இரவே அடைப்பானைப் பிடுங்கி எறிவதற்கு இதுவும் ஒரு காரணம். அடைப்பான் ஆழமாக அமர்ந்தால் இத்தொல்லை குறையும்.

தூங்கும் மூளையைப் பற்றியும் ஒரு சொல். 1960இல் பிரிட்டனில் ஆஸ்வால்டு, டெய்லர், டிரீஸ்மன் என்னும் மூவர், தூங்குவோரின் காதில் பல பெயர்களை ஒலிநாடாவில் ஒலிக்கச் செய்தனர். மற்றப் பெயர்களைவிடத் தம் சொந்தப் பெயருக்கு அவர்கள் மிகுதியாகத் துலங்கினர். தூங்கும் மூளையும் ஒலியைத் தரம் பிரிக்கிறது. பின்னணியிலிருந்து எது தனித்து நிற்கிறது என்று பார்க்கிறது என்க. மேலே சொன்ன வழிகாட்டுதல்கூட, தொடர் ஒலிக்கு 30 என்றும் இடையிடையே எழும் தனி ஒலிக்கு 45 என்றும் இருவகை எல்லை வகுத்தது. அடைப்பான் பின்னணியையும் குறைக்கிறது, இடையூற்றையும் குறைக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அது தொடுவதில்லை. ஆகவே மின்விசிறியைச் சற்று வேகமாக வைப்பது, அடைப்பானில் பெரிய எண் தேடுவதைக் காட்டிலும் பலன் தரலாம்.

மண்டபத்து ஜெனரேட்டரை அடக்குவதல்லவா முறை என்று கேட்பீர்கள். ஆம். குடியிருப்புப் பகுதிகளில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. விடுதிக் காப்பாளர் மனு கொடுத்திருக்கிறார். மனு நகரும்வரை காது நம்முடையது.

அடைப்பானின் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. பெர்லினில் மாக்ஸ் நெக்வெர் என்ற மருந்தாளர் 1907 வாக்கில் மெழுகும் பஞ்சும் கலந்து செய்த ‘ஓரோபாக்ஸ்’ என்பதன் பெயரே ‘காதுக்கு அமைதி’ என்று பொருள்படும். எழுத்தாளர் காஃப்கா அதை நம்பி வாழ்ந்தவர்களுள் ஒருவர். நுரைப் பஞ்சு உருளையோ 1970களில் வந்து பட்டறைகளில் பரவிய சரக்கு. பட்டறையின் எண் படுக்கையறைக்கு வந்தது அதனோடுதான். எந்திரத்தருகே எட்டு மணி நேரம் நிமிர்ந்து நிற்பவர்க்கும், பக்கவாட்டில் படுத்துத் தலையணையில் காதை அழுத்துபவர்க்கும் ஒரே எண் எப்படிப் போதும்? மடலுக்கு வெளியே நீட்டாமை, மென்மை, காதளவுக்கேற்ற பருமன் இவை பெட்டியில் அச்சிடப்படுவதில்லை. சிறிய காதுக்குழாய் உள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள் பலர், சிறு அளவு கேட்டு வாங்க வேண்டும். உள்ளே நுழைப்பதே பிடிக்காதவர்க்கு, வாயிலில் அப்பிக்கொள்ளும் மெழுகோ சிலிக்கோனோ உண்டு. குறைப்பு குறைவு, ஆயினும் இரவு முழுதும் இருக்கும். காதில் சீழோ வலியோ இருப்பவர்கள் எதையும் செருகாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஓசைக்கு அஞ்சுவோர் அனைவர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. இதையும் எந்தப் பெட்டியிலும் நான் கண்டதில்லை. அமெரிக்காவில் ஃபார்ம்பி முதலியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல செவியுடையோர் இரண்டு வாரம் ஏறக்குறைய நாள் முழுதும் அடைப்பான் அணிந்திருந்தனர். முடிவில் அவர்கள் காது முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. முன்பு உறுத்தாத ஒலி உறுத்தத் தொடங்கிற்று. ஒலி குறைந்ததும் மூளை தன் பெருக்கியைத் திருகி உயர்த்திவிடுகிறது. என் மாணவர் பகலிலும், நூலகத்திலும்கூட, அடைப்பானோடு உலவத் தொடங்கியிருந்தார். இதைத்தான் முதலில் நிறுத்தச் சொன்னேன்.

அவர் புதிதாக எதுவும் வாங்கவில்லை. அதே உருளையை முறையாகச் செருகி, கட்டிலைச் சுவரிலிருந்து அரை அடி நகர்த்தி, மின்விசிறியை ஒரு படி கூட்டினார். ஜெனரேட்டர் இன்னமும் கேட்கிறதாம், எழுப்புவதில்லை. ஆனால் நான்காம் நாள் முதல் மணி வகுப்புக்கு வரவில்லை. அலாரத்தின் கீச்சொலி, அடைப்பான் மிக நன்றாகத் தடுக்கும் உயர்ந்த அதிர்வெண் அல்லவா? தீ எச்சரிக்கை மணிக்கும் இதே கதிதான். கைக்குழந்தையோ நோயாளியோ உள்ள வீட்டில் ஒருவராவது திறந்த காதோடு தூங்குவது நல்லது. இப்போது அவர் கைப்பேசியை அதிர்வில் வைத்துத் தலையணைக்கடியில் செருகிக்கொள்கிறார். அந்த அதிர்வு எலும்பு வழியே போகிறது. 33 அதை ஒன்றும் செய்வதில்லை.